ஐந்தாவது தங்கரத்தினம்

போன கிழமை எங்கள் பழைய வகுப்புக்காரர் குழுவில் ஒருவர் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஒரே பெயர் கொண்ட உலகப் பிரபலங்களாம். ஒருவர் பந்தடிக்காரர், ஒருவர் விஞ்ஞானி, ஒருவர் பாட்டுக்காரர், மற்றவர் எங்கோ மந்திரியாக இருந்தவர். கீழே நீங்கள் எல்லாரும் வாயைப் பிளக்கிற முகங்களாகப் போட்டுத் தள்ளியிருந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுவைதீவில் பிறந்து, அந்த உப்புக் காற்றில் மூக்கொழுகி வளர்ந்த நீங்களா இதற்கு வாயைப் பிளக்கிறீர்கள்? உலகம் முழுக்கத் துழாவி நாலு பேரைப் பிடித்திருக்கிறார்கள். எங்கள் தீவை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க அரை மணித்தியாலம் போதும். அதற்குள்ளே எங்களிடம் ஐந்து தங்கரத்தினங்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு துறை, ஆளுக்கொரு பெயர் பெற்ற வித்தை.

உங்கள் பேரப்பிள்ளைகளும் இதை வாசிக்கக் கூடும் என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன். அம்மா பிறக்க முன்னர் தீவில் ஒரு காய்ச்சல் வருசம் வந்ததாம். அந்த வருசத்துக் கைக்குழந்தைகளில் தப்பியது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் தங்கரத்தினம். பிறகென்ன, பிள்ளை தங்காத வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் யோசிக்கவே இல்லை. ஆணோ பெண்ணோ, சைவமோ கிறிஸ்தவ வேதமோ, பிள்ளை நிலைக்க வேண்டும் என்றால் அந்தப் பெயர்தான். ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்த வீடுகளிலும் கூப்பிட்டது இதைச் சொல்லித்தான். தலைப்பெழுத்து என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வருவதில்லை. எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும், பிறகு எதற்குத் தலைப்பெழுத்து?

காய்ச்சலுக்குத் தப்பிய அந்தக் குழந்தைதான் எங்கள் பரியாரியார். கை முறிந்தவனோடு அவனுடைய மாட்டைப் பற்றிக் கதைத்துக் கதைத்தே எலும்பை இழுத்துப் பொருத்திவிடுவார். அவன் கத்தத் தொடங்கும்போது வேலை முடிந்திருக்கும். அவர் வரும் முன்னமே எண்ணெய் மணம் வரும். ஊர்காவற்றுறையில் இருந்தெல்லாம் வள்ளம் பிடித்து அவரிடம் ஆட்கள் வந்தார்கள்.

இரண்டாவது, வள்ளம் ஓட்டுகிற தண்டையல். கடல் கண்ணாடியாய்க் கிடக்கிற நாளிலும் வள்ளம் கட்டுகிற பாலத்தடியில் நின்று ஒருதரம் மூக்கை உறிஞ்சிவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று திரும்பிப் போவார். அவர் சொல்லைத் தட்டிப் போனவர்கள் நனைந்துதான் திரும்பினார்கள். மூன்றாவது, கூத்து அண்ணாவியார். தவக்காலம் முழுக்கத் தேவாலய வளவில் அவருடைய குரல்தான். பக்கத்து அனலைதீவில் கேட்கும் என்று நாங்கள் சொன்னது புளுகு இல்லை, காற்று அந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். நாலாவது, சம்மாட்டியம்மா. புருசன் கடலோடு போன பிறகு வலையையும் வள்ளத்தையும் விற்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டுத் தானே தொழிலை நடத்தினவர். அவரிடம் வேலை செய்த ஆம்பிளைகள் அவர் வருவதைக் கண்டால் சுருட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள்.

ஐந்தாவது என்னுடைய அக்கா. உங்கள் தம்பி தங்கச்சிமாருக்கும், பிறகு உங்கள் பிள்ளைகளுக்கும் கணக்குப் படிப்பித்த அதே அக்காதான். ஆனால் நான் சொல்லப் போகிற அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் அவரை ஒருவரும் ஒரு கணக்கிலும் சேர்க்கவில்லை. எனக்குப் பத்து வயது, அவருக்குப் பதினாறு.

எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். பெடியன்கள் கடலுக்குப் போவார்கள், பெட்டைகள் வீட்டுக்குப் போவார்கள். அக்கா எட்டாம் வகுப்பில் கணக்குக்கு முதலாவதாய் வந்தார். தலைமை வாத்தியார் வீட்டுக்கே வந்து, யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பியுங்கள் என்று கேட்டார். குமர்ப்பிள்ளையைக் கடல் கடந்து விட ஏலாது என்று அப்பா சொல்லிவிட்டார்.  அன்றைக்குப் பின்னேரம் அக்கா ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனார், அதற்குப் பிறகு இரண்டு வருசம் ஆட்டோடும் அடுப்போடும் நின்றார். அவளுக்கு வீடு பிடித்துப் போய்விட்டது, நல்ல பிள்ளை, அடம் பிடிக்கவில்லை என்று அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகச் சொன்னார். அரிசிப் பெட்டிக்கு அடியில் மட்டை கழன்ற ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்று கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா கடைக்குப் போனதும் அக்கா அதை எடுத்து வைத்துக்கொண்டு, முற்றத்து மணலில் ஈர்க்கால் கோடும் வட்டமுமாய்க் கீறுவார். அப்பா வர முன் விளக்குமாற்றால் கூட்டிவிடுவார். எங்கள் முற்றம் அந்தக் காலத்தில் எப்போதும் துப்புரவாய் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அப்பா சங்கக் கடை மனேச்சர், சனசமூக நிலையத்துக்குக் காரியதரிசியும் அவரே. அந்த வருசம் அவருக்கு ஒரு வேகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒன்பதாம் வகுப்பு வேண்டும் என்று கல்விக் கந்தோருக்கு மனு அனுப்பப் புறப்பட்டார். வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாய்ப் போனார். வாடியில் வலை பொத்துகிறவர்களிடமும், பனைக்குக் கீழே நின்று மேலே சீவுகிறவர்களிடமும் போய்க் கையெழுத்துக் கேட்டார். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரலை மையில் தோய்த்துக் குத்தினார்கள். வளர்ந்து வருகிற பிள்ளைகளுக்காக என்று எல்லாரிடமும் சொன்னார். அவருடைய மனதில் இருந்தது நான், எனக்குக் கீழே இருந்த தம்பி, உங்களைப் போன்ற வாண்டுகள். அக்காவின் படிப்பு அவரைப் பொறுத்தவரை முடிந்துபோன விசயம்.

இப்போது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைக் கேளுங்கள். சேர்த்த தாள்களை அப்பா மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தார். ஒன்றில் மீன் செதில் ஒட்டியிருந்தது. ஒன்றில் கள்ளுத் துளி காய்ந்திருந்தது. பெருவிரல் அடையாளங்கள் அப்பிப் போய்க் கிடந்தன. இதை அனுப்பினால் தீவுக்கு மரியாதை இல்லை என்று அவருக்குப் பட்டது. என்னுடைய எழுத்து அழகு. தொட்டெழுதும் பேனையும், நீல மைக் கூடும், ஒற்றுத்தாளும் வாங்கித் தந்து, அத்தனை பேருடைய பெயரையும் நல்ல தாளில் பார்த்து எழுதச் சொன்னார். நான் கெட்டிக்காரி இல்லையா, பள்ளிக்கூடத்தில் படித்தபடி அகர வரிசையில் அடுக்கி எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அப்பா கிணற்றடிக்குக் குளிக்கப் போயிருந்தார். நான் தகர வரிசைக்கு வந்திருந்தேன். குசினி வாசலில் சூடை மீன் செதில் சீவிக்கொண்டிருந்த அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நாலு தங்கரத்தினமும் எழுதியாச்சோ?"

நான் ஓம் என்றேன்.

"இன்னொண்டு எழுது."

அப்பா உங்களிடம் கையெழுத்துக் கேட்கவில்லையே என்றேன்.  மனுவில் கேட்பது ஒன்பதாம் வகுப்புத்தானே, அது வேண்டுமென்று தனக்குத்தான் எல்லாரையும் விட ஆசை என்றார் அக்கா. குரல் ஒரு மாதிரி இருந்தது. என் தோளில் இருந்த கை மீன் மணத்தது. நான் பேனையைத் தோய்த்து ஐந்தாவது தங்கரத்தினத்தை எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதின எழுத்துகளில் அதைப் போல வடிவான எழுத்து வேறொன்றும் இல்லை, இதை நான் அடக்கத்தோடு சொல்லவில்லை.

அப்பா வந்து பார்த்தார். பெயர்களை வாசிக்கவில்லை, எழுத்தைத்தான் பார்த்தார். முத்து முத்தாய் இருக்கிறது என்று என் தலையைத் தடவிவிட்டு உறையில் போட்டார். மீன் செதில் ஒட்டின பழைய தாள்கள் சங்கக் கடையில் மிளகாய்த்தூள் சுற்றப் போய்விட்டன.

ஒன்றரை மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. ஐந்து தங்கரத்தினங்களையும் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே ஆளின் பெயர் ஐந்து தரம், இப்படியான போலி மனுக்களைக் கவனிக்க முடியாது என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அப்பா கடையில் நின்றபடி வாசித்துவிட்டு அப்படியே சீனிச் சாக்கின் மேலே இருந்துவிட்டார். தீவு முழுக்கக் கள்ளர் ஆகிவிட்டதே என்றார். பிறகுதான் எண்ணிப் பார்த்தார். பரியாரியார், தண்டையல், அண்ணாவியார், சம்மாட்டியம்மா. நாலு. தாளில் ஐந்து. வீட்டில் பிள்ளை, மூத்தவள் என்றே கூப்பிட்ட மகளுக்கும் அதே பெயர் என்பது அவருக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் தலையில் குட்டு விழுந்தது. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதினாய், உன்னால்தானே இவ்வளவும் என்று பேசித் தீர்த்தார். குசினி வாசலில் நின்ற அக்கா வாயைத் திறந்தார். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். நான் ஒன்றும் பெரிய தியாகி இல்லை. உண்மை தெரிந்தால் அரிசிப் பெட்டிக்கு அடியில் கிடக்கிற புத்தகமும் அடுப்புக்குள் போய்விடும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

விசயம் ஊருக்குள் பரவியது. நாலு தங்கரத்தினங்களும் எங்கள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். எல்லாரையும் விடக் கொதித்தவர் சம்மாட்டியம்மாதான். "என்ரை பேரைப் பொய்யெண்டு எழுதினவனை நான் ஒருக்கால் பார்க்க வேணும்" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். அதோடு முடிவாயிற்று. நாலு பேரும் நேரே கந்தோருக்குப் போய் நிற்பது. ஐந்தாவது பெயருக்கு அப்பா ஒரு வழி வைத்திருந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போவது, நான் தவறுதலாக எழுதிவிட்டேன் என்று சொல்வது, அதிகாரி அந்தப் பெயரை வெட்டிவிடுவது. வாய்ப்பாடு பாடமாக்குவது போல மூன்று நாள் என்னைச் சொல்லவைத்தார். நானும் சொன்னேன்.  அக்காவின் பெயரை என் வாயாலேயே அழிக்கச் சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

தங்கச்சிக்குக் கடலில் தலை சுற்றிச் சத்தி வரும், நானும் போகிறேன் என்று அக்கா கேட்டார். அம்மா சரியென்றுவிட்டார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அண்ணாவியார் கூத்துக்குப் போடுகிற சரிகைச் சால்வையைப் போட்டுக்கொண்டு வந்தார். தண்டையல் அவசரத்துக்கு யாரிடமோ இரவல் வாங்கின சட்டைக்குள் கழுத்தை அசைக்க முடியாமல் இருந்தார். பரியாரியார் மருந்துப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. சம்மாட்டியம்மா அதிகாரிக்கென்று ஒரு கடதாசிச் சரையில் கருவாடு கொண்டு வந்திருந்தார். பேசித் திட்டப் போகிற ஆளுக்கு ஏன் கருவாடு என்று அண்ணாவியார் பகிடியாய்க் கேட்க, திட்டுறது திட்டுறதுதான், வெறுங்கையோடு போறதோ என்றார். ஊர்காவற்றுறையில் பஸ் ஏறினதில் இருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் அந்த பஸ்ஸில் ஒருவரும் எங்கள் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. அக்கா எனக்குத் தேசிக்காயை மணக்கத் தந்தபடி யன்னலுக்கு வெளியே போன பள்ளிக்கூடங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கந்தோரில் கோப்புகள் கூரைமட்டும் அடுக்கியிருந்தன, பசை மணம் அடித்தது. அதிகாரி மெலிந்த மனிசன், மெதுவாய்க் கதைத்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தாளைப் பார்த்தால் யாரும் அதைத்தான் நினைத்திருப்பார்கள். அப்பா கைகட்டி நின்று விசயத்தைச் சொல்ல, ஒவ்வொருவராய் முன்னுக்கு வந்தார்கள். தங்கரத்தினம், கை கால் முறிவு பார்க்கிறவர். தங்கரத்தினம், வள்ளம் ஓட்டுகிறவர். தங்கரத்தினம், கூத்துப் பழக்குகிறவர். அண்ணாவியார் தன் பெயரைச் சொன்ன சத்தத்தில் பக்கத்து அறை கிளாக்கர்மார் எழும்பி வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியாகச் சம்மாட்டியம்மா கருவாட்டுச் சரையை மேசையில் வைத்துவிட்டு, நானும் தங்கரத்தினம்தான், வேணுமெண்டால் என்ரை வள்ளத்திலை வந்து கேட்டுப் பாரும் என்றார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, நாலு. அஞ்சாவது ஆர்?"

அப்பா என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். பிள்ளை தவறுதலாய் எழுதிவிட்டது என்று அவரே தொடக்கி வைத்தார். அதிகாரி சிவப்புப் பேனையை எடுத்து மூடியைக் கழற்றினார். அந்தப் பெயரின் மேலே பேனை முனை வந்து நின்றது. பிழையாய் எழுதினீரோ என்று என்னைக் கேட்டார். 

"பிழை இல்லை" என்றேன்.

அப்பாவின் கை என் முதுகில் இறுகியது. அந்த நேரம்தான் சுவரோரம் நின்ற அக்கா முன்னுக்கு வந்தார். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"அது நான், ஐயா. என்ரை பேரும் தங்கரத்தினம்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் என்ன செய்யிறீர்?"

"ஒண்டும் செய்யேல்லை, ஐயா. எட்டாம் வகுப்பு முடிச்சு ரெண்டு வருசமாய் வீட்டிலை இருக்கிறன்."

இரண்டு வருசம் என்றால் படித்ததெல்லாம் மறந்திருக்குமே என்றார் அவர். அதற்கு அக்கா சொன்ன மறுமொழியை எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு முக்கால்வாசி செய்து முடித்துவிட்டேன், கேத்திரகணிதத்தில் வட்டம் வருகிற இடத்தில் நிற்கிறேன், அதுக்கு அங்காலை சொல்லித்தர ஆளில்லை என்றார். அந்தக் குரலில் அழுகை இல்லை, முறைப்பாடும் இல்லை. கடையில் சாமான் கேட்பது மாதிரிக் கேட்டார்.

 பரியாரியார் "கெட்டிக்காரி" என்று தனக்குத்தானே சொன்னார். அதிகாரி மனுவின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இவ்வளவு பேர் கேட்டிருக்கிறீர்கள், இதில் இருக்கிறவர்களில் அந்த வகுப்பில் வந்து இருந்து படிக்கப் போகிறவர் யார் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"இவ ஒருத்திதான்" என்றார் அதிகாரி. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு நீலப் பேனையை எடுத்தார். தை மாதம் வகுப்பைத் தொடங்கலாம், கணக்குக்கு ஒரு வாத்தியார் அனுப்பப்படுவார் என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். கருவாட்டையும் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

திரும்பும்போது கடல் அமைதியாய் இருந்தது. தண்டையல் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுக்கானில் நின்றார், மற்ற மூன்று பேரும் யார் பெயரைச் சொன்னபோது அதிகாரி அதிகம் பயந்தார் என்று வாக்குவாதப்பட்டார்கள். அப்பா முன் அணியத்தில் தனியே இருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து நான் அக்காவின் பின்னால் ஒதுங்கினேன். பாதிக் கடல் தாண்டின பிறகுதான் அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"ஊரிலை எல்லாரிட்டையும் போய்க் கேட்டனீங்கள், அப்பா. எங்கடை வீட்டிலை மட்டும் கேட்கேல்லை."

 அப்பா கரை வரும்வரை குடையை மடியில் வைத்து அதன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குட்டு வாங்கின தலை எனக்கு, அவரைப் பார்த்து ஏன் பாவப்பட்டேன் என்று அப்போது விளங்கவில்லை. இந்த வயதில் விளங்குகிறது. கெட்ட மனிசன் இல்லை அவர். எல்லாப் பிள்ளைகளுக்காகவும் வெயிலில் அலைந்தவர், ஒரு பிள்ளையைக் கண்ணால் காணாமல் போய்விட்டார்.

பாலத்தடியில் அரைவாசித் தீவு கூடி நின்றது. வள்ளம் கட்ட முன்னமே என்னவாம், என்னவாம் என்று கேட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு வகுப்புக் கிடைத்துவிட்டது என்று அண்ணாவியார் கத்தப் போனார். அப்பா அவருடைய தோளில் கையை வைத்து நிற்பாட்டினார். தான் முதலில் இறங்கி, திரும்பி, அக்காவுக்குக் கையைக் கொடுத்து இறக்கினார். பிறகுதான் அந்தச் சனத்தைப் பார்த்துச் சொன்னார்.

"என்ரை மூத்தவளுக்கு ஒன்பதாம் வகுப்பு வருகுது."